கேனபி எவ்ளோ சின்னதா போகலாம்? பெங்களூர்லேருந்து ஸ்கைடைவ் பண்றவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஏஎஃப்எஃப்ங்கற, தனியா ஸ்கைடைவ் பண்ண கத்துக்குடுக்கற கோர்ஸை தாய்லாந்துலயோ துபாய்லயோ முடிச்சிட்டு புது ஏ லைசன்ஸோட (ஏ, பி, சி, டின்னு நாலு படில முதல் படி) பெங்களூர் திரும்பி, ஒயிட்ஃபீல்ட் ஆபீஸ்ல உக்காந்துகிட்டு மனசு மட்டும் 13,000 அடில சுத்திகிட்டு இருக்கற ஆளுங்களுக்காக எழுதினது இது. இன்ஸ்ட்ரக்டரோட சேர்த்து கட்டிகிட்டு ஒரே ஒரு டாண்டம் போயிட்டு வந்தவங்களுக்கு இதுல பாதி தேவைப்படாது. கேனபின்னு சொல்றது பேராசூட்டைத் தான். அல்சூர், இந்திராநகர், எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் இருக்கற நம்ம தமிழ் கும்பல்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விங்கள ஒரே எடத்துல போட்டிருக்கேன். லைசன்ஸ், உயரம் பத்தி வர்ற நம்பர் எல்லாம் அமெரிக்காவோட ஸ்கைடைவிங் சங்கமான யூஎஸ்பிஏ சொல்றது, நம்மாளுங்க நெறய பேரு எடுக்கறது அந்த லைசன்ஸ் தான். உங்க இன்ஸ்ட்ரக்டரோ, ரிக்கரோ (பேராசூட்டை சரிபாத்து மடிக்கறவரு) வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதையே கேளுங்க, அவங்க உங்கள நேர்ல பாக்குறாங்க.

லைசன்ஸ் வந்துடுச்சு, போனஸும் வந்துடுச்சு. முதல்ல என்ன வாங்கறது?

ரிக்கை, அதாவது முதுகுல மாட்டற பேராசூட் செட்டை, இப்ப வாங்காதீங்க. முதல்ல உயரம் காட்டற ஆல்டிமீட்டர், அப்புறம் தலைக்கு சரியா ஒக்கார்ற ஹெல்மெட், அதுக்கப்புறம் ஜம்ப்சூட். இது மூணும் கேனபி சைஸ் மாறினாலும் உங்களோடவே வரும். ரிக்கை டிராப்ஸோன்ல, அதாவது குதிக்கற எடத்துல, வாடகைக்கு எடுங்க. வாடகை காசு தெண்டம்னு எல்லாரும் பொலம்புவாங்க, ஆனா அந்த வாடகைல தான் 230 சதுர அடி கேனபிலேருந்து 210, அதுலேருந்து 190னு ஒவ்வொண்ணா பறந்து பாக்குற வாய்ப்பு கெடைக்குது. சொந்தமா வாங்கிட்டா அந்த சைஸோட கட்டிப்போட்ட மாதிரி ஆயிடுவீங்க.

ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கும்போது வளர்ற புள்ளன்னு அம்மா ரெண்டு இன்ச் பெருசா தைக்க சொல்வாங்கல்ல, இங்க நம்மாளுங்க அதைத் தலைகீழா பண்றாங்க, எப்படியும் அடுத்த வருஷம் 150க்கு எறங்கிடுவேன்னு இன்னிக்கே 150க்கு தைச்ச கன்டெயினரா (கேனபிய மடிச்சு வைக்கற பை) வாங்கிட்டு அதுக்குள்ள 170ஐ திணிக்க முடியாம, கடைசில 150ஐயே போட்டுகிட்டு குதிக்கறாங்க.

ரிக்குனு சொல்றீங்களே, அதுல என்னென்ன இருக்கு?

முதுகுல மாட்டற ஹார்னஸும் பையும் ஒண்ணு, அதுக்குள்ள மெயின் பேராசூட் ஒண்ணு, அது சரியில்லைன்னா தெறக்கற ரிசர்வ் ஒண்ணு, கூட ஆபத்துல ரிசர்வைத் தானா தெறந்து விடற ஏஏடினு ஒரு குட்டி கம்ப்யூட்டர். புதுசா எல்லாம் சேர்த்து வாங்கினா பல ஆயிரம் டாலர் ஆகும், கஸ்டம்ஸ் தனி. அதனால தான் எல்லாரும் செகண்ட் ஹேண்ட் பக்கம் போறாங்க, அதப்பத்தி கீழ இருக்கு.

கேனபி சைஸை எப்படி முடிவு பண்றது?

விங் லோடிங்னு ஒரு கணக்கு. விமானத்தை விட்டு வெளிய போகும்போது உங்க மொத்த எடை எவ்ளோ, அதாவது ஒடம்பு, துணி, ஹெல்மெட், முதுகுல இருக்கற ரிக் எல்லாம் சேர்த்து பவுண்டுல எவ்ளோன்னு பாத்து, அதை கேனபியோட சதுர அடியால வகுக்கணும். 72 கிலோ ஆளுன்னு வச்சுக்கங்க, சாமான் ஒரு 12 கிலோ, ஆக 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. 230ல அவருக்கு 0.8 வருது, 190ல 0.97, 170ல 1.09, 150ல 1.23. புதுசா லைசன்ஸ் எடுத்தவங்க 1.0ஐ தாண்டக்கூடாதுன்னு பொதுவா எல்லா இன்ஸ்ட்ரக்டரும் சொல்வாங்க. இவரு 190ல நிக்கலாம். 170 வெறும் ஒரு சைஸ் தானே கம்மின்னு தோணும், ஆனா தரைக்கு வர்ற வேகமும், ஒரு பக்கம் டாகிளை (கேனபிய ஓட்டற கைப்பிடி) இழுத்தா திரும்பறப்ப தொபுக்குன்னு எறங்கற உயரமும் கூடிடும்.

பிரையன் ஜெர்மெய்ன்னு கேனபி ஓட்டறது பத்தி நெறய சொல்லிக்குடுத்தவரு ஒரு எளிய கணக்கு வச்சிருக்காரு: 1.0ல ஆரம்பிச்சு ஒவ்வொரு 100 ஜம்புக்கும் 0.1 கூட்டிக்கலாம், அதுக்கு மேல போகாதீங்க. இது போய் சேர வேண்டிய டார்கெட் இல்ல, தாண்டக்கூடாத கோடு. நம்ம பசங்க இதை டார்கெட்டா எடுத்துக்கறாங்க, 100 முடிஞ்ச அன்னிக்கே 1.1க்கு என்ன கேனபி வரும்னு கால்குலேட்டர தட்டறாங்க.

எந்த மாடல்னு கேட்டா, ஒன்பது செல்லுல (கேனபில காத்து நெறயற அறை தான் செல்லு) சேபர் 2, பைலட், சஃபையர் மாதிரி, ஏழு செல்லுல ஸ்பெக்டர் மாதிரி, ரொம்ப வருஷமா நெறய பேரு பறந்து பழகின சாதுவான கேனபிங்க போதும். பழைய சேபர் (பேருக்குப் பின்னாடி நம்பர் இல்லாதது) செகண்ட் ஹேண்ட்ல மலிவா வரும், அது தெறக்கும்போது பட்டுனு ஒதறி கழுத்தைப் புடிக்கும்னு பேரு வாங்கினது, மலிவா இருக்கறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

நான் 50 கிலோ தான். எனக்கு 135 குடுத்தா 1.0 தானே வருது, ஏன் குடுக்க மாட்டேங்குறாங்க?

நம்ம பொண்ணுங்க நெறய பேரு கேக்குற கேள்வி, நியாயமான கேள்வி. கணக்குப்படி சரி தான், 50 கிலோவும் ஒரு 11 கிலோ சாமானும் சேர்ந்தா 134 பவுண்டு, 135ல 1.0 தான். ஆனா கேனபி சின்னதானா லைனும், அதாவது உங்கள கேனபியோட கோக்கற கயிறும், குட்டையாகும். லைன் குட்டையானா நீங்க கேனபிக்கு கிட்டக்க தொங்குவீங்க, அதனால அதே லோடிங்லயும் சின்ன கேனபி சட்டுனு திரும்பும், ஒரு தப்பான அசைவுக்கும் உடனே பதில் சொல்லும். 190ல 1.0ங்கறதும் 135ல 1.0ங்கறதும் ஒண்ணில்ல. அதனால எடை கம்மியானவங்க 0.8, 0.85ல நின்னு கத்துக்கறது தான் சரி. காத்து அதிகமா இருக்கற நாள்ல முன்னாடி நகராம நிக்குமேன்னு கவலைப்பட்டா, அந்த தடவை பிளேன் ஏறாம கீழ உக்காந்து டீ குடிங்க.

60 ஜம்ப் ஆச்சு. 170க்கு எறங்கலாமா?

அந்த 60 எப்ப எப்ப ஆச்சு? இத கேக்காம பதில் சொல்றவங்கள நம்பாதீங்க.

எனக்கு சொல்ல வேண்டியதுன்னு ஒண்ணு இருந்தா அது இது தான். மேல சொன்ன எல்லா கணக்கும், 100க்கு 0.1ங்கறது, எத்தனை ஜம்புல எந்த சைஸ்னு போடற சார்ட்டு, எல்லாமே வாராவாரம் டிராப்ஸோனுக்கு வண்டிய ஓட்டிட்டு போயி குதிக்கற ஆளை மனசுல வச்சு போட்டது. அவன் மே மாசத்துல 60, அக்டோபர்ல 120. நம்ம கதை என்ன? டிசம்பர் லீவுல பத்து நாள் போயி 25 ஜம்ப், அப்புறம் ஏழு மாசம் கம்ப்யூட்டர் முன்னாடி, அப்புறம் சுதந்திர தினத்தையும் வீக்எண்டையும் சேர்த்து லீவு போட்டு ஒரு 12. லாக்புக்ல நம்பர் ஏறிகிட்டே போகும், கையும் கண்ணும் ஒவ்வொரு தடவையும் பழைய எடத்துக்கே வந்து நிக்கும். தரைக்கு கிட்ட வந்ததும் ரெண்டு டாகிளையும் இழுத்து வேகத்தை கொறைக்கற ஃப்ளேரை எந்த உயரத்துல இழுக்கணும்ங்கறது மூளைல எழுதி வச்ச விஷயம் இல்ல, கண்ணு பழகற விஷயம், ஏழு மாசத்துல அது போயிடும்.

அதனால மொத்த நம்பரை ஒதுக்கி வச்சிட்டு, கடந்த ஆறு மாசத்துல எத்தனை, அதுல எத்தனை தடவை நெனச்ச எடத்துல நின்னு எறங்கினோம்னு பாருங்க. இப்ப இருக்கற கேனபிய வச்சு பிரேக்குல திரும்பறது, சமமா திரும்பறது, பின் ரைசர்ல (தோள்லேருந்து லைனுக்கு போற பட்டை) ஓட்டறது, காத்துக்கு குறுக்க எறங்கறது, கொஞ்சம் மேடு பள்ளமான எடத்துல எறங்கறது எல்லாம் யோசிக்காம வருதான்னு பாருங்க. வரலைன்னா சின்ன சைஸுக்கு எறங்காதீங்க. வந்தாலும் ட்ரிப்போட நடுவுல தான் சைஸை மாத்துங்க, முதல் நாள் வேண்டாம். அடுத்த ட்ரிப்போட முதல் நாள் பெரிய கேனபிய வாடகைக்கு எடுத்து ரெண்டு மூணு ஜம்ப் பண்ணிட்டு தான் சொந்த ரிக்கை தொடணும். சொந்த ரிக் இருக்கறப்ப வாடகைக்கு எடுக்க கௌரவம் இடிக்கும், இடிக்கட்டும்.

பல மாசம் கழிச்சு போறேன், நேரா பிளேன் ஏறலாமா?

ஏ லைசன்ஸ்காரங்க 60 நாளுக்கு மேல குதிக்கலைன்னா, பி லைசன்ஸ்காரங்க 90 நாளுக்கு மேல, சி, டி காரங்க ஆறு மாசத்துக்கு மேல குதிக்கலைன்னா ஒரு இன்ஸ்ட்ரக்டர் மேற்பார்வைல திரும்ப ஆரம்பிக்கணும்னு யூஎஸ்பிஏ சொல்லுது. நம்மள்ல முக்காவாசி பேரு ஒவ்வொரு ட்ரிப்பும் இந்த கணக்குக்குள்ள தான் வருவோம். போன ஒடனே தொங்கவிட்ட ஹார்னஸ்ல, கோளாறான மெயினை வெட்டி விடற கட்அவே ஹேண்டிலை பாத்து, புடிச்சு, இழுக்கற பயிற்சிய கேட்டு வாங்குங்க. பெங்களூர் வீட்லயும் செய்யலாம், பழைய பேக்பேக்ல வெல்க்ரோ ஒட்டி ரெண்டு துணி ஹேண்டில் வச்சு தெனம் நாலு தடவை. பக்கத்து ஃபிளாட் ஆண்ட்டி பால்கனிலேருந்து பாத்தா பாத்துட்டு போகட்டும்.

ரிசர்வ் எவ்ளோ பெருசா இருக்கணும்? அத யாரு தெறக்கப் போறாங்க?

இதுல தான் நெறய பேரு எடத்தை மிச்சப்படுத்தறாங்க. கொஞ்சம் யோசிங்க, ரிசர்வ் எப்ப தெறக்கும்? நல்லா இருக்கற நாள்ல தெறக்காது. மெயின் சுத்தி சுத்தி வந்து அத வெட்டி விட்டு, கை நடுங்கி, உயரம் கம்மியா, டிராப்ஸோனுக்கு வெளிய எங்கயோ வயக்காட்டு மேல இருக்கும்போது தெறக்கும். இல்ல ஃப்ரீஃபால்ல இன்னொருத்தர் மேல மோதி மயங்கிட்டீங்க, ஏஏடி தெறந்து விட்டுச்சு, ஃப்ளேர் பண்ணவே ஆளில்லாம ஒடம்பு அப்படியே தரைக்கு வருது. அன்னிக்கு உங்களுக்கு 126 வேணுமா 190 வேணுமா? மெயினை விட சின்ன ரிசர்வ் வாங்காதீங்க, அவ்ளோ தான். ரிசர்வ்ல எழுதியிருக்கற உச்சபட்ச எடைங்கறது கிழியாம தாங்கற கணக்கு, உங்கள நோகாம எறக்கறதுக்கான கணக்கு இல்ல. கம்மி எடத்துல மடியற மெல்லிசு துணி ரிசர்வ் இப்ப வருது, கன்டெயினர் சைஸ் ஏறாம பெரிய ரிசர்வ் போட அது ஒரு வழி.

ஏஏடி கட்டாயமா? எது நல்லது?

கட்டாயம்னே வச்சுக்கங்க. சைப்ரஸ், விஜில், எம்2 மூணுமே ஓடுது. 1991ல ஜெர்மனியோட ஏர்டெக் கம்பெனி சைப்ரஸை கொண்டு வந்த பிறகு தான் இது எல்லார் ரிக்குக்குள்ளயும் வந்துச்சு, காத்தழுத்தத்தை வச்சு உயரத்தையும் வேகத்தையும் கணக்கு போட்டு, நீங்க எதுவும் பண்ணாம விழுந்துகிட்டே இருந்தா ரிசர்வை மூடி வச்சிருக்கற கயித்தை உள்ளயே வெட்டி விடும். சைப்ரஸ் எக்ஸ்பர்ட் மாடல் சுமார் 225 மீட்டர்ல, வேகம் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல இருந்தா தான் வேலை செய்யும். அதாவது பாதி தெறந்த மெயினோட கொஞ்சம் மெதுவா சுத்திகிட்டு வந்தா அது சும்மா தான் இருக்கும், நீங்க தான் வெட்டணும். ஸ்டூடண்ட் மாடல் நொடிக்கு 13 மீட்டர்லயே விழிச்சுக்கும், அதனால குதிக்காம பிளேன்லயே திரும்பி எறங்கறதா இருந்தா அத ஆஃப் பண்ணணும், மறக்காதீங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்குன்னே ஒரு விஷயம். ஏஏடி ஆன் பண்ற எடத்தை தான் தரைன்னு எடுத்துக்கும். பெங்களூர் கடல் மட்டத்துலேருந்து 900 மீட்டருக்கு மேல இருக்கு, பட்டாயா கடலோரம். ஒழுங்கா இருக்கான்னு பாக்குறேன்னு இங்க வீட்ல ஆன் பண்ணி அப்படியே எடுத்துட்டு போயி குதிக்கக்கூடாது. டிராப்ஸோனுக்கு போயி அங்க ஆன் பண்ணுங்க, நடுவுல வேற ஊருக்கு கார்ல போயிட்டு வந்தா ஆஃப் பண்ணி திரும்ப ஆன் பண்ணுங்க. கைல கட்டற ஆல்டிமீட்டரும் அதே தான், அங்க தரைல வச்சு ஜீரோ.

ஆர்எஸ்எல்லை கழட்டி விடச் சொல்றாங்களே?

யாரு சொல்றா? கேமரா கட்டிகிட்டு சின்ன கேனபில பறக்கற பழைய ஆளா இருக்கும், அவரு காரணம் அவருக்கு. மெயினை வெட்டின ஒடனே அது போற போக்குலயே ரிசர்வ் பின்னை இழுத்து விடற பட்டை தான் ஆர்எஸ்எல். வெட்டிட்டு ரெண்டாவது ஹேண்டிலை தேடிகிட்டே தரைக்கு வந்தவங்க உண்டு. நமக்கு அது இருக்கணும். முடிஞ்சா மார்டு இருக்கற ரிக்கா பாருங்க, ஸ்கைஹூக் அதுல ஒரு வகை, போற மெயினையே வச்சு ரிசர்வை இன்னும் வேகமா வெளிய இழுக்கற அமைப்பு. ஆனா ஆர்எஸ்எல் இருக்குன்னு ரெண்டாவது ஹேண்டிலை இழுக்காம விடாதீங்க, ரெண்டையும் இழுக்கணும்.

செகண்ட் ஹேண்ட் ரிக் நல்ல விலைல வருது, வாங்கட்டா?

வாங்கலாம், எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க. காசு குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ரிக்கர் கைல போகணும், அது மட்டும் மாறக்கூடாது. விக்கறவருக்கு தெரிஞ்ச ரிக்கரா இல்லாம நீங்க போற டிராப்ஸோன் ரிக்கர்கிட்ட அனுப்பச் சொல்லுங்க, முடியாதுன்னா பேச்சை விட்டுடுங்க.

என்ன பாக்கணும்னா, ஒவ்வொரு பாகத்தோட தயாரிச்ச தேதியும் சீரியல் நம்பரும், அதுக்கு கம்பெனி ஏதாவது எச்சரிக்கை விட்டிருக்கான்னு. ஏஏடியோட ஆயுள் எவ்ளோ பாக்கி, சைப்ரஸ் 2க்கு எந்த வருஷம் தயாரிச்சதுங்கறத பொறுத்து 12.5 இல்லன்னா 15.5 வருஷம் தான், ஒரு வருஷம் மிச்சம் இருக்கற ஏஏடிய வச்சு விலைய ஏத்துவாங்க. கேனபி துணி வெரல்ல தேய்ச்சா இன்னும் வழுவழுன்னு இருக்கா. லைன் எந்த ரகம், எத்தனை ஜம்ப் ஆச்சு. ஸ்பெக்ட்ரா லைன் தெறக்கும்போது வர்ற உரசல் சூட்டுல மெல்ல மெல்ல சுருங்கும், அதுவும் ஸ்டியரிங் லைன் தான் அதிகமா சுருங்கும், அப்ப நீங்க டாகிளை தொடாமலே கேனபி பிரேக் புடிச்ச மாதிரி பறக்கும், ஃப்ளேர் ஒழுங்கா வராது. வாங்கினவரு நமக்குத்தான் எறங்கவே தெரியலன்னு நெனச்சு நொந்துக்குவாரு. வெக்ட்ரான் சுருங்காது, ஆனா தேஞ்சு போறது கண்ணுக்கு தெரியும்.

ஹார்னஸ் அளவு இன்னொரு தலைவலி. நீளமா இருந்தா ஃப்ரீஃபால்ல ரிக் தோள்ல மேல ஏறி எறங்கும், தேடற எடத்துல ஹேண்டில் இருக்காது. நம்ம ஒடம்புவாகுக்கு அமெரிக்கக்காரன் போட்டு கழட்டின ஹார்னஸ் அடிக்கடி பெருசா தான் வரும். அளவு சரியில்லாத ரிக் எவ்ளோ மலிவா வந்தாலும் வேண்டாம்னு சொல்ல மனசை தயார் பண்ணிக்கங்க.

ஹெல்மெட் முழுசா மூடினதா, திறந்ததா? நான் கண்ணாடி போடறவன்.

முதல் கொஞ்ச ஜம்புக்கு திறந்த ஹெல்மெட்டும் கண்ணாடி மேலயே போடற பெரிய காகிள்ஸும் நல்லது, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாக்கலாம், கோச் சொல்றது புரியும். முழுசா மூடினது குளிருக்கும் சத்தத்துக்கும் சுகம், மூச்சு படிஞ்சு மங்கலாகறது தான் தொல்லை. காதுகிட்ட ஆடிபிள் (உயரம் வந்ததும் சத்தம் போடற ஆல்டிமீட்டர்) வைக்க பாக்கெட் இருக்கான்னு பாருங்க. ஆடிபிள் கத்தலைன்னாலும் நீங்க கைல இருக்கற ஆல்டிமீட்டரை பாத்து இழுக்கணும், அது வெறும் துணைக்கு.

கோப்ரோ?

200 ஜம்ப் வரைக்கும் வேண்டாம், யூஎஸ்பிஏ பரிந்துரையும் அதான். லைன் மாட்டறது ஒரு ஆபத்து, அதை விட பெருசு என்னன்னா, கேமரா ஓடுதா சிவப்பு லைட் எரியுதான்னு யோசிக்கற அந்த ரெண்டு நொடி. ரீல் போடணும்னு ஆசையா இருந்தா கேமராக்காரருக்கு காசு குடுத்து கூட்டிட்டு போங்க, வீடியோவும் நல்லா வரும்.

ஹைதராபாத் விண்ட் டனல்ல போயி பழகினா சீக்கிரம் முன்னேறலாமா?

கீழேருந்து ஊதற காத்துல மெதக்கற எடம் அது, ஃப்ரீஃபால் பழக அத விட நல்ல செலவு இல்ல. நேரா ஒரு ராத்திரி பஸ், ஒரு நிமிஷம் பறந்தா ஒரு ஜம்போட ஃப்ரீஃபால் மாதிரி. கண்டிப்பேட்டை பக்கம் கிராவிட்டிஜிப்ங்கற அந்த டனல் வந்த பிறகு நம்ம கும்பல்ல பல பேரோட பாடி பொசிஷன் நல்லா மாறியிருக்கு. ஆனா டனல்ல கேனபி கெடையாது. காத்துல கில்லாடியா பறக்கறவரு கூட தரைக்கு வரும்போது 40 ஜம்ப் ஆளு தான், இது மத்தவங்களுக்கும் மறந்துடுது, அவருக்கும் மறந்துடுது, இவ்ளோ நல்லா பறக்கறியே இன்னுமா 190னு யாராவது கேட்டதும் மனசு ஆடுது.

உண்மைல ஆளுங்க எப்படி சாகறாங்க? பேராசூட் தெறக்காமலா?

வீட்ல கேக்குறது இது தான். முன்னல்லாம் அது பெரிய காரணம், இழுக்காமலே போனவங்க, தாமதமா இழுத்தவங்க. ஏஏடி அத நல்லா கொறைச்சுது. அதே காலத்துல கேனபி சின்னதாகி வேகமாச்சு, நல்லா தெறந்த, ஒரு கோளாறும் இல்லாத கேனபி கீழ ஆளுங்க சாக ஆரம்பிச்சாங்க. மூணு வளைய கட்அவே, ஸ்கைஹூக் எல்லாம் கண்டுபுடிச்ச பில் பூத், கியர் எவ்ளோ பாதுகாப்பாகுதோ அவ்ளோக்கு ஜம்பருங்க ரிஸ்க்கை ஏத்திக்குவாங்கன்னு சொன்னது இதத்தான்.

வழக்கமான கதை இப்படி இருக்கும். 100 அடில வந்துகிட்டு இருக்கீங்க, காத்து பின்னாடிலேருந்து வருதுன்னு அப்பத்தான் தெரியுது, இல்ல முன்னாடி வேலி ஒண்ணு இருக்கு. பதறி ஒரு டாகிளை முழுசா இழுக்கறீங்க. கேனபி சாஞ்சு திரும்பும்போது எறங்கற வேகம் கூடும், அது சமநிலைக்கு வர்றதுக்குள்ள தரை வந்துடும். காத்தோட போயி எறங்கினா வேகமா ஓடி விழுந்து முட்டி தேயும், கணுக்கால் ஒடையலாம். திரும்பற நடுவுல தரைல மோதினா இடுப்பு, தண்டுவடம், அதுக்கும் மேல. அதனால வரிசை இது: முதல்ல கேனபி சமமா இருக்கணும், ரெண்டாவது எதுலயும் மோதாத எடம், மூணாவது ஃப்ளேர், காலையும் முட்டியையும் சேர்த்து வச்சு உருண்டு விழத் தயார். காத்தை பாத்து எறங்கறது இதுக்கெல்லாம் அப்புறம். திரும்பியே ஆகணும்னா ரெண்டு டாகிளையும் பாதி இழுத்து வச்சுகிட்டு ஒண்ண மட்டும் கொஞ்சம் விட்டு சமமா திரும்பறது இருக்கு, அத ஒவ்வொரு ஜம்புலயும் உயரத்துல இருக்கும்போதே பழகுங்க, தேவைப்படற அன்னிக்கு கைக்கு தானா வரணும். கேனபி கோர்ஸ் ஒண்ணு போங்க, பி லைசன்ஸுக்கு அது எப்படியும் வேணும்.

இன்னொண்ணு. மைசூர் மாதிரி 760 மீட்டர் உயரத்துல இருக்கற ஊர்ல வெயில் நேரத்துல எறங்கினா காத்து லேசா இருக்கும், அதே கேனபி கடலோரத்தை விட கொஞ்சம் வேகமா தரைக்கு வரும். பட்டாயால பழகின கண்ணுக்கு முதல் ஜம்ப் திடுக்குனு இருக்கும். பகல்ல காஞ்ச தரைல சுழல் காத்து கெளம்பும், கட்டடம் மரத்துக்கு பின்னாடி காத்து கலங்கி இருக்கும், அதெல்லாம் தள்ளியே எறங்குங்க.

எந்த உயரத்துல என்ன முடிவு?

ஏ லைசன்ஸ்னா 3,000 அடிக்கு கீழ போறதுக்குள்ள இழுத்திருக்கணும், மெயின் சரியில்லைன்னா வெட்டறதா வேண்டாமான்னு 2,500க்கு கீழ போறதுக்குள்ள முடிவு. பிலேருந்து மேல இழுக்கறது 2,500, முடிவு 1,800. இதெல்லாம் கடைசி எல்லை, நான் இன்னும் 4,000 தான் சொல்வேன், காத்துல அதிக நேரம் இருந்து கேனபிய பழக அதுவே வழி. முடிவு உயரம் தாண்டியும் லைன் முறுக்கை எடுத்துகிட்டே இருக்கறது தான் பலபேரை கொண்டு போயிருக்கு. றெக்கை வச்ச விங்சூட்டுக்கு 200 ஜம்ப் வேணும், அதனால அத இப்ப பேச வேண்டாம்.

ஷீத்தல் மகாஜன் சேலைலயே குதிச்சாங்களே, நாம வேட்டில குதிக்கலாமா?

பட்டாயால 2018ல அவங்க ஒன்பது கெஜ சேலைல குதிச்சது உண்மை. அதுக்கு முன்னாடியே அவங்க பல நூறு ஜம்ப் பண்ணினவங்க, பத்மஸ்ரீ வாங்கினவங்க. சேலையும் பறந்து வந்து ஹேண்டிலை மூடாத மாதிரி கட்டி ஏற்பாடு பண்ணி போறது வேற, நம்ம பய பொங்கலுக்கு வேட்டிய மடிச்சு கட்டிகிட்டு பிளேன் ஏறறது வேற. பைலட் சூட்டை (மெயினை வெளிய இழுக்கற குட்டி பேராசூட்) மூடற எதுவும் வேண்டாம். கொக்கி வச்ச லேஸ் பூட்ஸும் வேண்டாம், லைன் மாட்டிக்கும்.

ஒரே ட்ரிப்புல ஸ்கூபாவும் ஸ்கைடைவும் பண்ணலாமா?

தாய்லாந்து போற எல்லாரோட பிளானும் இது தான். வரிசை மாத்துங்க, முதல்ல குதிச்சிட்டு அப்புறம் தண்ணிக்குள்ள போங்க. தண்ணிக்குள்ளேருந்து வந்தவங்க ரத்தத்துல நைட்ரஜன் கரைஞ்சு இருக்கும், அழுத்தமில்லாத பிளேன்ல 13,000 அடி ஏறினா அது குமிழா வெளிய வரும். சாதாரண விமானப் பயணத்துக்கே ஒரு டைவுக்கு 12 மணி நேரம், பல டைவுக்கு 18னு சொல்றாங்க, நம்ம பிளேனுக்குள்ள காத்தழுத்தம் அந்த விமான கேபின்ல இருக்கறத விட கம்மியாகும், ஒரு முழு நாள் விடுங்க. சளி புடிச்சு காது அடைச்சிருந்தாலும் ஏறாதீங்க.

ஏர்போர்ட்ல ரிக்கை என்ன பண்றது?

முடிஞ்சா கைப்பைல. கெம்பேகவுடால செக்யூரிட்டில நிறுத்தி கேப்பாங்க, ஏஏடி கூட வர்ற எக்ஸ்ரே கார்டை மேலயே வச்சு பொறுமையா காட்டுங்க. ஏர்லைன்கிட்ட முன்னாடியே மெயில்ல கேட்டு பதிலை பிரிண்ட் எடுத்துக்கங்க. சிக்கின லைனை அறுக்கற ஹூக் நைஃபை கழட்டி செக்இன் பேக்ல போட்டுடுங்க, அத மறந்தா அங்கயே குப்பைக்கு போகும். இன்சூரன்ஸ் பாலிசில சாகச விளையாட்டு விலக்கு இருக்கான்னும் அப்பவே படிச்சு பாருங்க, பெரும்பாலும் இருக்கும்.

வீட்ல எப்படி வைக்கறது? ரிசர்வ் மடிக்கறது எங்க?

நைலானுக்கு வெயில் எதிரி, ஜன்னலோரம் வேண்டாம், கார் டிக்கி சூட்டுலயும் வேண்டாம். மழைக்காலத்துல ஈரம் ஏறாத அலமாரில, மெயினை தளர்த்தி வைங்க. மாசம் ஒரு தடவை ரைசரை கழட்டி மூணு வளையத்துகிட்ட பட்டைய நல்லா வளைச்சு விட்டு, கட்அவே கேபிளை துடைச்சு கம்பெனி சொன்ன எண்ணெய் போடுங்க. மெயின் மூடற குட்டி கயிறு பிசிறு விட்டிருந்தா அன்னிக்கே மாத்துங்க, பத்து ரூவா சமாச்சாரம், பிளேன் கதவுகிட்ட அது அறுந்தா உள்ள இருக்கற எல்லாருக்கும் ஆபத்து. ரிசர்வை நீங்க தொடக்கூடாது, லைசன்ஸ் இருக்கற ரிக்கர் தான் மடிக்கணும், அமெரிக்க விதிப்படி 180 நாளைக்கு ஒரு தடவை. ஆறு மாசத்துக்கு ஒரு ட்ரிப் போற நமக்கு ஒவ்வொரு தடவையும் அது தேதி தாண்டி தான் இருக்கும், அங்க போயி எறங்கினதும் மடிக்க குடுத்தா ரெண்டு நாள் ஜம்ப் போச்சு. டிக்கெட் போட்ட அன்னிக்கே அந்த ஊர் ரிக்கருக்கு ஒரு மெயில் போட்டு, வந்து சேர்ற நாளுக்கு எடம் வாங்கி வச்சுக்கங்க.